செங்கற்சுவரில் பதித்த கல்

சிட்னியின் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள எங்கள் பங்குக் கோயில் முழுவதும் செங்கல்லால் கட்டப்பட்டது. அதன் பக்கவாசலை அடுத்த உட்சுவரில், இடுப்பளவு உயரத்தில், செங்கற்களுக்கு நடுவே மங்கிய மஞ்சள் நிறக் கல் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பாண் ரொட்டிகளைச் சேர்த்துவைத்தாற் போன்ற அளவு. அதன் ஒரு விளிம்பு மட்டும் உருட்டிச் செதுக்கப்பட்டது. முகப்பில், விரல்நுனி புதையும் ஆழத்தில், சிறிய சிலுவை ஒன்று கீறப்பட்டிருக்கும். கல்லின் கீழே ஒரு பித்தளைத் தகடு உண்டு. துடைத்துத் துடைத்தே அதன் எழுத்துகள் மழுங்கிவிட்டன. வட இங்கிலாந்தில் இடிந்து கிடக்கும் நடுக்காலத் துறவிமடம் ஒன்றிலிருந்து வந்த கல் என்பதையும், அந்த மடத்தின் பெயரையும், மாலை வெளிச்சம் சாய்ந்து விழும்போது மட்டும் வாசிக்கலாம்.

பழைய நாட்டுக் கோயிலொன்றின் கல்லைக் கேட்டு வாங்கிப் புதிய நாட்டுக் கோயிற்சுவரில் பதிக்கும் வழக்கம் முன்பு இங்கே இருந்ததாகப் பங்குத்தந்தை ஒருமுறை சொன்னார். விட்டுவந்த நிலத்தின் துண்டொன்றைக் கையோடு வைத்திருக்கும் ஆசை எங்களுக்கு மட்டும் உரியதன்று போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் அந்தக் கல்லை நான் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியவள் என் மச்சாள்.

என் கணவரின் தங்கை அவள். மன்னார்க் கரையில் கடற்றொழில் செய்த ஒருவரை மணந்தாள். போர்க்காலத்தில் ஒருநாள் தொழிலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை. கடலில் வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்றனர் சிலர். காற்றில் கவிழ்ந்தது என்றனர் வேறு சிலர். இராமேசுவரத்தில் அவரைக் கண்டதாகச் சொன்னவர்களும் உண்டு. எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் எதையும் நம்பவோ தள்ளவோ அவளுக்கு வழியில்லாமற் போயிற்று.

எங்கள் ஊர்களில் நவம்பர் மாதத் தொடக்கத்தில் வரும் இறந்தோர் நினைவுநாளன்று சேமக்காலைக்குப் போகாத கத்தோலிக்க வீடு இராது. முன்கூட்டியே புல் செருக்கிக் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். அன்று பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். மச்சாள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருப்பாள். கல்லறை இல்லாதவர்களுக்காகச் சேமக்காலையின் நடுவில் ஒரு பெரிய சிலுவை நிற்கும். அதனடியிலாவது ஒரு திரி ஏற்றும்படி பலர் சொல்லிப்பார்த்தார்கள்.

"திரி வைச்சா ஆள் செத்துப்போச்சு எண்டு நானே சொன்ன மாதிரி," என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். தாலியை அவள் கழற்றவில்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அவள் சிட்னிக்கு வந்து, எங்கள் வளவின் பின்புறத்தில் உள்ள சிறிய வீட்டில் குடியேறினாள். நிலையத்தருகே ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில், இறைச்சியும் கிழங்கும் வைத்து றோல்ஸ் சுற்றும் வேலை கிடைத்தது. இங்கே வந்த முதல் நவம்பரில், நினைவுநாட் பூசை முடிந்ததும் எல்லாரும் சேமக்காலைக்குப் புறப்பட்டார்கள். அவள் வழக்கம்போல் வரவில்லை. கைப்பையை மறந்து வைத்துவிட்டதால் நான் கோயிலுக்குள் திரும்பிப்போனேன். பக்கவாசலருகே அவள் குந்தியிருந்தாள். அந்தக் கல்லின் கீழே, தரையில், மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"இது ஆரோ ஒருத்தரின்ர கல்லறை, மச்சாள்," என்றாள். "சிலுவை கிடக்கு, பேரில்லை. இண்டைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. பாவமாக் கிடந்தது."

"அது கல்லறையில்லை. இடிஞ்ச மடம் ஒண்டிலயிருந்து கொண்டுவந்த கல்," என்றேன்.

"இடிஞ்ச மடமெண்டா அதுக்குள்ள தாட்ட ஆக்கள் இருக்க மாட்டினமோ?"

அவள் சொன்னதில் தருக்கப்பிழை எதுவும் தெரியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஆண்டு அதே இடத்தில் அவள் இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றினாள். ஒன்று பெயர் தெரியாத அந்த வெள்ளைக்காரனுக்கு. மற்றது யாருக்கென்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்றிரவு என் கணவர் விளக்கை அணைக்குமுன், "தங்கச்சி திரி வைச்சிட்டாள்," என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் வழக்கம் பரவிற்று. ஊரில் விட்டுவந்த கல்லறைகளுக்காக வேறு பெண்களும் அங்கே திரி ஏற்றத் தொடங்கினார்கள். கல்லைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ளும் பழக்கமும் வந்துவிட்டது. கோயிற் பராமரிப்பைக் கவனிக்கும் அயர்லாந்து வழிவந்த அம்மையார், சுவரில் கரி படிவதைக் கண்டு முகம் சுளித்தார். ஆனால் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மணல் நிரப்பிய தகரத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கல்லுக்குக் கீழே, சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். எங்கள் தவறான எண்ணத்துக்குத் திருச்சபையின் ஒப்புதல் கிடைத்தாற் போலாயிற்று.

சென்ற ஆண்டு, வட இங்கிலாந்தில் வேலைபார்க்கும் மகனிடம் போய்வரப் புறப்பட்டேன். பயணத்துக்கு முதல்நாள் மச்சாள் றோல்ஸ் பொதியொன்றோடு வந்தாள்.

"லண்டனுக்குப் போறியள்தானே. அந்தக் கல்லு வந்த இடம் அங்கதானே கிடக்கு?"

எங்களவர்க்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். அதை நான் திருத்தவில்லை. "மகன்ர வீட்டிலயிருந்து கிட்டத்தான்," என்றேன்.

"அப்பிடியெண்டா அந்த ஆள் ஆரெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. பேரையாவது. இத்தனை வருசமா அந்தாளின்ர இடத்தில இவரையும் கொண்டுபோய் இருத்தி வைச்சிருக்கிறன். பேர் தெரியாம இருக்கிறது மரியாதையில்லை."

அவள் கணவரை 'இவர்' என்று சொன்னதையும், 'இருத்தி வைச்சிருக்கிறன்' என்று சொன்னதையும் விமானத்தில் பலமுறை எண்ணிப்பார்த்தேன். இறந்தார் என்ற சொல்லை அவள் இன்னும் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் பாரத்தைத் தனக்குப் பதிலாகச் சுமக்க அவளுக்கு ஒரு கல்லறை வேண்டியிருந்தது. யாருடையதாயினும் சரி.

மகன் ஒரு சனிக்கிழமை என்னை அங்கே காரில் கூட்டிப்போனான். மழை விட்டிருந்தது. செம்மறிகள் மேயும் புல்வெளியின் நடுவே, கூரையில்லாத ஒரு சுவர் தனித்து நின்றது. அதில் வெறுமையான மூன்று நெடிய சாளரங்கள். அவற்றினூடாக மறுபக்கத்து மேகம் நகர்வது தெரிந்தது. மற்றவை பெரும்பாலும் நிலமட்டத்தோடு போய்விட்டன. எங்கே மண்டபம், எங்கே சமையற்கூடம் என்பதைப் புல்லுக்குள் ஓடும் அடித்தளக் கற்களின் வரிசைதான் சொல்லிற்று. ஒரேயொரு வடிகாலில் மட்டும் நீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டியவர்கள் போய், வழிபட்டவர்கள் போய், கூரையும் போனபின்னும், கழிவுநீருக்கென்று வெட்டிய வழியில் நீர் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது எனக்கு விந்தையாகப் பட்டது.

"இதைப் பாக்கவோ அம்மா இவ்வளவு தூரம்?" என்றான் மகன். அவன் சப்பாத்தில் சேறு ஏறியிருந்தது.

சனிக்கிழமைகளில் வருவோருக்கு இடத்தைச் சுற்றிக்காட்டும் முதியவர் ஒருவர் அங்கிருந்தார். மழையங்கியும் ஊன்றுகோலுமாய் வந்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சிட்னி என்றதும் அவர் புருவம் உயர்ந்தது. கைப்பேசியில் கல்லின் படத்தைக் காட்டியதும் உயர்ந்த புருவம் இறங்கவே இல்லை.

இந்த மடம் கைவிடப்பட்ட பிறகு பல தலைமுறைகள் இதை உடைத்துக் கொண்டுபோனதாக அவர் சொன்னார். "இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள மாட்டுக்கொட்டில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கோயில் இருக்கிறது," என்று ஊன்றுகோலால் சுற்றிக்காட்டினார். உண்மைதான். வேலிச்சுவர்களிலும் பண்ணைவீடுகளிலும் அதே மங்கிய மஞ்சட் கல். எங்கள் ஊரிலும் இடிந்த வீட்டுக் கற்கள் அப்படித்தான் இடம்பெயர்ந்தன. யாரோ ஒருவரின் விறாந்தை வேறொருவரின் கிணற்றுக்கட்டாக மாறியதை நான் கண்டிருக்கிறேன். அதைக் களவென்று சொல்ல அப்போதும் எனக்கு மனம் வரவில்லை.

முதியவர் எங்களை நுழைவாயிலுக்கு அருகே கூட்டிப்போனார். ஆள் குனிந்து போகும் உயரத்தில் ஒரு வாசல் எஞ்சியிருந்தது. அதன் வலப்பக்க நிலைக்கல்லின் விளிம்பு உருட்டிச் செதுக்கப்பட்டிருந்தது. படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். அதே வளைவு, அதே பள்ளம். இடப்பக்கத்தில் பிற்காலத்தவர் செதுக்கில்லாத வெறுங்கற்களை அடுக்கியிருந்தார்கள். எங்கள் கல் நின்ற இடம் அதுவாகத்தான் இருக்கும் என்றார் அவர்.

"இது என்ன கட்டடம்?" என்று கேட்டேன்.

விருந்தினர் இல்லம் என்றார். வழிப்போக்கர் தங்கிய இடம். மடத்துக்கு வந்தவர் யாராயினும் பெயரும் ஊரும் கேட்குமுன் உள்ளே விடவேண்டும் என்பது துறவிகளின் ஒழுங்காம். இறந்தவர்களை அடக்கியது எங்கே என்று கேட்டதற்கு, நேரெதிரே கிழக்குப்புறத்தைக் காட்டினார். அங்கே செம்மறிகள் நின்றன. கல் எதுவும் இல்லை.

"அப்படியானால் இந்தச் சிலுவை?"

"கல்வெட்டியவர் தம் வேலைக்கு இட்ட அடையாளம் என்பார் ஒருவர். பயணம் புறப்பட்டவர் கீறியது என்பார் இன்னொருவர். கேட்பவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து நான் சொல்வதுண்டு. உங்களுக்கு எது வேண்டும்?"

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வேண்டியதை அவர் தரக்கூடியவராக இல்லை. எனக்கு ஒரு பிணம் வேண்டியிருந்தது. கிடைத்ததோ ஒரு வாசல்.

மறுநாட் காலை கணவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் தொலைக்காட்சிக் கிரிக்கெட்டின் ஓசை நின்றது.

"அவளுக்கு இதைச் சொல்லாதையும்," என்றார். "ஆரோ ஒரு சாமியாரின்ர கல்லறை, பேர் அழிஞ்சுபோச்சு எண்டு சொல்லும். ஆருக்கு என்ன நட்டம்?"

"அவ என்னை நம்பிக் கேட்டு விட்டவ."

"நம்பினபடியால்தான் சொல்லுறன். வாசலெண்டு சொன்னா அவள் என்ன நினைப்பாள்? வாசல்ல விளக்கு வைக்கிறது ஆருக்கு? வாற ஆளுக்கு. திரும்பவும் காத்திருக்கத் தொடங்குவாள்."

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. கோயிற் செபநூலில் ஒரு சொல் பிழைபட்டாலும் பொறுக்காதவள் என்று என்னை வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் அன்று என்னைத் தடுத்தது அந்தப் பிடிவாதமன்று. பெயர் தெரியாமல் இருப்பது மரியாதையில்லை என்று சொன்னவளுக்கு, இல்லாத ஒருவனை உண்டாக்கிக் கொடுப்பது எந்த மரியாதை என்றுதான் தெரியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் மச்சாளின் வீட்டுக் குசினிக்குப் போனேன். அவள் கணவாய் மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். மைப்பை கிழியாமல் இழுத்தெடுப்பதில் அவளுக்கு நிகரான கையை நான் கண்டதில்லை.

"லண்டன் சாப்பாடு சரிவரேல்லைப் போல. மெலிஞ்சுபோனியள். இருங்கோ," என்று காலால் ஒரு கதிரையைத் தள்ளிவிட்டாள். "ஆளைக் கண்டுபிடிச்சனீங்களோ?"

"ஆளில்லை, மச்சாள். அது கல்லறைக் கல்லில்லை. வழிப்போக்கர் தங்கின வீட்டின்ர நிலைக்கல். வாசற்கல்."

அவள் கை நிற்கவில்லை. "சிலுவை கிடக்கே?"

"கொத்தனின்ர அடையாளமா இருக்கலாம். போற வாற சனம் கீறினதாயும் இருக்கலாம். அங்க ஒருத்தருக்கும் வடிவாத் தெரியேல்லை."

"அதே கல்லுத்தானோ?"

"மற்றப் பக்கத்துக் கல்லு இப்பவும் நிக்குது. அதே செதுக்கல்."

படத்தைக் காட்டினேன். ஈரக்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவள் கேட்டது நான் எதிர்பாராத கேள்வி.

"கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?"

"உள்ளுக்கு. கதவுக்குடுமி நிண்ட குழி கிடக்கு."

"இருட்டினாப்பிறகு வாற ஆக்களுக்கும் திறப்பினமோ?"

"திறப்பினமாம். பேர்கூடக் கேக்கிறேல்லையாம்."

அவள் மீண்டும் கணவாயைக் கையிலெடுத்தாள். "அப்ப அதில ஒருத்தரும் சாகேல்லை."

"இல்லை. செத்த ஆக்களைத் தாட்டது கிழக்குப் பக்கமாம். அங்க கல்லுமில்லை, பேருமில்லை."

"அண்ணர் என்ன சொன்னவர்?"

"கல்லறையெண்டே சொல்லச் சொன்னவர்."

"அவருக்கு நான் எப்பவும் பாவாடை கட்டின பிள்ளைதான்," என்றாள். சிரிக்கப்போனாள் போலும். அதற்குள் மைப்பை கிழிந்து, கழுவுதொட்டி முழுவதும் கறுத்துப் போயிற்று. குழாயைத் திறந்துவிட்டு, நீர் தெளியும்வரை எனக்கு முதுகு காட்டியபடியே நின்றாள்.

என் கணவர் அஞ்சியதே நடந்தது. அன்று முதல் அவளுடைய சிறிய வீட்டின் வாசல் விளக்கு இரவு முழுவதும் அணையவில்லை. பொழுது சாய்ந்ததும் எரியத் தொடங்கி, விடிந்து அவள் வேலைக்குப் போகும்வரை எரிந்தது. எங்கள் குசினிச் சாளரத்திலிருந்து பார்த்தால் அந்த மஞ்சள் வெளிச்சம் புல்லில் விழுந்து கிடக்கும். ஏன் என்று அவளிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"பாத்தீரோ, உம்மட உண்மை செய்த வேலையை," என்றார் கணவர், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

குளிர்காலம் கழிந்தது. சிலநாள் நான் கோயிலில் அந்தக் கல்லின்முன் நின்று பார்ப்பேன். ஒரு வாசலில் பாதியாய் நின்றது, மறுபாதியைப் புல்வெளியில் விட்டுவிட்டுக் கடல்கடந்து வந்து, கதவே இல்லாத சுவரில் இருக்கிறது. எங்கள் பெண்களோ அதைக் கல்லறையாக்கிவிட்டார்கள். அது எதையும் மறுக்கவில்லை. கல்லுக்கு அது எளிது. மச்சாளுக்கும் அவ்வாறே விட்டுவைத்திருக்கலாமோ என்ற எண்ணம் ஒவ்வொரு முறையும் வந்துபோயிற்று.

நவம்பர் வந்தது. நினைவுநாளுக்கு முந்தைய மாலை, பாத்திரம் கழுவிக்கொண்டு சாளரத்தின் வழியே பார்த்தேன். வாசல் விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டது போலும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மறுநாட் காலை, பூசைக்குப் போகும் நேரத்தில் அவள் எங்கள் கதவடியில் நின்றாள். கையில் ஒரு துணிப்பை. நடக்கும்போது அதற்குள் கண்ணாடி உரசும் ஓசை கேட்டது.

பூசை முடிந்ததும் வழக்கமான பெண்கள் தகரத்தட்டைச் சூழ்ந்தார்கள். அது வாசற்கல் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லும் எண்ணம் எனக்கும் இல்லை. அவரவர் திரியை அவரவர் ஏற்றினார்கள். மச்சாள் விலகி நின்றாள். எல்லாரும் போனபின் கல்லின் அருகே வந்து, அதன் உருட்டிய விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். நெற்றியில் ஒற்றிக்கொள்ளவில்லை.

"இஞ்ச வைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"வாசல்ல வைக்கிறது வாற ஆளுக்கு, மச்சாள்," என்றாள். "நானும் கொஞ்சநாள் வைச்சுப் பாத்தனான். உங்களுக்குத் தெரியும்தானே, அந்த லைற்." பையைத் தோளில் மாட்டினாள். "அவர் வரமாட்டார்."

அந்தச் சொற்களை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதன்முறை. பேருந்து வராது என்று சொல்பவளைப்போலச் சொன்னாள்.

"சேமக்காலைக்குப் போவமோ? அண்ணரைக் காரை எடுக்கச் சொல்லுங்கோ. பின்நேரம் எனக்கு வேலை."

கணவர் காரை எடுத்தார். சேமக்காலையில் வெயில் ஏறியிருந்தது. வெப்பக்காற்று யூக்கலிப்டஸ் இலைகளை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. இங்கேயும் நடுவில் நின்ற பெரிய சிலுவையின் அடியில், கல்லறைகளை வேறு நாடுகளில் விட்டுவந்த பலர் தீப்பெட்டிகளோடு போராடிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் பையிலிருந்து இரண்டு ஜாம் போத்தல்களை எடுத்தாள். அடியில் மணல் போட்டு, திரியை நட்டு, ஆயத்தமாகவே கொண்டுவந்திருந்தாள். கடற்கரையில் காற்றோடு வாழ்ந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஏன் ரெண்டு?" என்றேன்.

"ஒண்டு அந்த வெள்ளைக்காரனுக்கு."

"அப்பிடி ஒருத்தன் இல்லையெண்டு சொன்னனான்தானே."

"கல்லுக்குள்ளதான் இல்லை. அந்த மடத்தில செத்த வெள்ளைக்காரன் ஒருத்தனுமில்லையோ? பேரில்லாமக் கிடக்கிறாங்களெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இவ்வளவு நாளும் இவரை வைச்சிருந்தவங்கள்."

கணவர் மறுபக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முழந்தாளிட்டு முதல் திரியை ஏற்றினாள். இரண்டாவதை ஏற்றும்போது, எங்களுக்குக் கேட்கும்படியாக, தன் கணவரின் முழுப்பெயரையும் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள். ஆத்துமம் இளைப்பாற வேண்டும் என்ற செபத்தைத் தொடங்கினாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

செபம் முடிந்தும் நான் அங்கேயே நின்றேன். போத்தலுக்குள் சுடர் சாய்ந்து, அணைவது போலாகி, மீண்டும் நிமிர்ந்தது. அவள் சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"போவம் மச்சாள். நிண்டு பாத்துக்கொண்டிருந்தா எங்களுக்குத்தான் பயம். அது பாட்டுக்கு எரியும்."

காரில் ஏறியதும், அன்றைக்குச் சுற்றவேண்டிய றோல்ஸ் பற்றி அண்ணனிடம் முறையிடத் தொடங்கினாள்.